ஒரு பாட்டுத் துளசிங்கம்

கோட்டைக்குப்பம் துளசிங்கம் என்று சொன்னால் பொன்னேரியைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது. மடவைப் பாட்டு என்று சொன்னால் அந்த நாளில் தெரியாதவர் கிடையாது. எழுபத்தேழாம் வருஷம் தொடங்கி நாலைந்து வருஷம், கல்யாணமா, காதுகுத்தா, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்களா, கட்சிக் கூட்டமா, எங்கே மைக் செட் கட்டினாலும் அந்த இசைத்தட்டுதான் முதலில் சுற்றும். பாடியவன் பெயரைத் தட்டின் நடுவில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை யார் குனிந்து படித்தார்கள்? சாப்பாடு நன்றாயிருந்தால் இன்னொரு கரண்டி கேட்போமே தவிர, அடுப்படிக்குப் போய்ச் சமைத்தவன் முகத்தையா பார்க்கிறோம்?

அது போகட்டும். துளசிங்கத்துக்கு இருந்த கவலை வேறு. அந்தப் பாட்டுக்குப் பிறகு அவன் கட்டிய எந்தப் பாட்டையும் ஒரு ஈ காக்காய்கூடத் திரும்பப் பாடவில்லை. ஏன்? அந்த ஒன்றில் அப்படி என்ன இருந்தது? மற்றதில் என்ன இல்லை? ஆறு வருஷமாக இதையே நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் போய், முப்பத்து நாலு வயசுக்குள் காதோரம் நரைத்துவிட்டது. எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் அந்தக் கேள்விக்குக் கெடுவும் வந்து சேர்ந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு காரியம்.

முதல் காரியம் ஏரிச் சீட்டு. பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை இறக்க முடியாது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் இறங்குவது என்று வருஷத்துக்கு ஒரு தரம் குப்பமே கூடிச் சீட்டுப் போடும். கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளையும் தன் குறியைக் கீறிய பனையோலைத் துண்டைத் தன் கையாலேயே பானைக்குள் போட வேண்டும். அண்ணனுக்குத் தம்பி போட முடியாது, புருஷனுக்குப் பெண்டாட்டி போட முடியாது. அடுத்தடுத்து மூன்று வருஷம் ஒருவன் ஓலை விழவில்லையென்றால் அவனுக்கு ஏரியில் பங்கு கிடையாது. அவன் பிள்ளைகளுக்கும் கிடையாது. துளசிங்கம் ஏற்கெனவே இரண்டு வருஷம் விட்டிருந்தான். ஒரு வருஷம் நாயுடுபேட்டைத் திருவிழாவில் மடவைப் பாட்டு, மறு வருஷம் பெங்களூரில் மடவைப் பாட்டு. இது மூன்றாவது.

இரண்டாவது காரியம் மெட்ராசிலிருந்து வந்த ஒரு கடிதம். தட்டுக் காலம் போய்க் கேசட்டுக் காலம் வந்திருந்தது. புதிதாகக் கேசட்டுக் கம்பெனி தொடங்கிய பெரியசாமி என்பவர் எழுதியிருந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு வா. மடவைப் பாட்டு மாதிரியே, ஆனால் புதிதாக, ஒரு பாட்டுப் பாடிக் காட்டு. பிடித்தால் எட்டுப் பாட்டு கொண்ட கேசட்டு. பிடிக்காவிட்டால் இனிமேல் எழுத மாட்டேன். அவ்வளவுதான் கடிதம்.

சீட்டும் அன்றைக்குக் காலை பத்து மணிக்குத்தான்.

"இன்னாய்யா முடிவு பண்ணின?" என்று அவன் பெண்டாட்டி தேவகி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கருவாட்டைத் திருப்பிப் போடும்போது ஒரு தரம், தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது ஒரு தரம்.

"இன்னும் ஒண்ணும் பண்ணல."

"நீ பாடகனா இருந்தா பட்டணத்துக்குப் போ. நான் தடுக்கல. வலைக்காரனா இருந்தா ஓலையப் போடு. ரெண்டுங்கெட்டானா நடுவுல நின்னுகினு என் புள்ளைங்க பங்கையும் தொலைச்சிடாத. அவ்ளோதான் சொல்லுவேன்."

அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. தான் எந்த ரகம் என்று அவனுக்கே தெரிந்திருந்தால் இத்தனை பேஜார் ஏது? அவன் பாடகன்தான் என்றால் எட்டுப் பாட்டு என்ன, எண்பது பாட்டுக்கும் பயமில்லை. ஒரே ஒரு பாட்டு ஏதோ தெரியாத்தனமாக வாயில் வந்து விழுந்தவன் என்றால், கேசட்டும் போய் ஏரியும் போய் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பாட்டு வந்த விதத்தைப் பார்த்தால் தெரியாத்தனமாக வந்தது போலத்தான் இருந்தது. எழுபத்தாறு ஐப்பசியில் நல்ல அடைமழை. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மைக் செட் கடை வைத்திருந்த கௌஸ் மைதீன் புல்புல்தாரா வாசிப்பதில் கெட்டிக்காரர். ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காக மெட்ராசுக்குப் போய் ஒரு நிக்காஹ் பாட்டு வாசித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டி தூக்கக் கூடப் போனவன் துளசிங்கம். தட்டின் மறுபக்கத்துக்குப் பாட வேண்டியவர் மழையில் ரயில் நின்று வந்து சேரவில்லை. கம்பெனிக்காரர் கையைப் பிசைந்தார். "இவன் பாடுவான் சார், கடக்கரையில வலை இழுக்கச் சொல்லோ இவந்தான் பாட்டுக்காரன்" என்று கௌஸ் மைதீன் அவனை முன்னால் தள்ளிவிட்டார்.

துளசிங்கத்துக்கு அன்றைக்கு நல்ல காய்ச்சல். காலையிலிருந்து நாஸ்டாகூடப் பண்ணவில்லை. சட்டை நனைந்து, கௌஸ் மைதீனுடைய பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கையைக் காட்டினார். துளசிங்கம் வலை இழுக்கும் மெட்டில், மடவை மீனைப் பற்றித் தன் சொந்த வார்த்தைகளைப் போட்டு எட்டு அடி பாடினான். தொடக்கம் இதுதான்.

ஓடுற மடவ ஓடட்டும்
ஒதுங்குற மடவ ஒதுங்கட்டும்
எனக்குனு ஒண்ணு நிக்குதே
அது எந்தப் பக்கம் பாக்குதே

கரையில் நின்று பெரிய வலையை இழுக்கும்போது பாட்டுக்காரன் ஒரு அடியைப் பாடுவான். பாடி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்வான். அந்த இழுப்பில் மற்றவர்கள் சத்தம் கொடுப்பார்கள். பிறகுதான் அடுத்த அடி. சின்ன வயசுப் பழக்கம் உடம்பை விட்டுப் போகுமா? கம்பெனி அறையிலும் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் துளசிங்கம் வாயை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். அங்கே கயிறுமில்லை, இழுக்க ஆளுமில்லை. என்ன வாசிப்பது என்று தெரியாமல் கௌஸ் மைதீனின் கையும் அந்தரத்தில் நின்றது. பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர், "நடுவுல நடுவுல காலியா கீதேப்பா, இன்னொரு தபா எடுத்துடலாமா?" என்றார். அதற்குள் அடுத்த பாட்டுக்காரர்கள் வாத்தியத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நேரம் முடிந்துவிட்டது. அப்படியே போட்டுத் தொலைத்தார்கள்.

தட்டு வந்த அன்றைக்குக் கௌஸ் மைதீன் கடையில் கேட்டபோது துளசிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எட்டு இடத்தில் ஊமை மாதிரி நின்றிருக்கிறானே, கேட்கிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா! அந்தக் குறையையும் மீறித்தான் பாட்டு ஜெயித்தது என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். ஜெயித்ததற்குக் காரணம் குரல் என்று நினைத்தான். ஒருநாள் காய்ச்சல் என்று நினைத்தான். இன்னொரு நாள் பச்சைச் சட்டையாயிருக்குமோ என்றும் நினைத்தான். மேடை ஏறத் தொடங்கியதும் முதல் வேலையாக அந்த எட்டு ஓட்டையையும் அடைத்தான். அடி முடிந்ததும் ஆஆஆவென்று ஒரு இழுப்பு இழுத்து அடுத்த அடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். அந்த இடத்தில் ஜனங்களும் ஏதோ கத்துவார்கள். ரெக்கார்டு போட்ட பெரிய ஆள் பாடுகிறார் என்ற மரியாதையில் அவன் இழுப்பு வந்ததும் அடங்கிவிடுவார்கள். காலிப்பசங்க என்று அவன் மனசுக்குள் திட்டிக்கொள்வான்.

எழுபத்தொன்பதில் அதே ரெக்கார்டு கம்பெனி இரண்டாவது தட்டுக்குக் கூப்பிட்டது. துளசிங்கம் பண்ணிய கூத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. காய்ச்சல் வரட்டும் என்று முந்தின நாள் முழுக்கக் கழுத்தளவு ஏரித் தண்ணீரில் நின்றான். பட்டினி கிடந்தான். பச்சைச் சட்டையைக் கேட்டு கௌஸ் மைதீன் வீட்டுக்கு ஓடினான். அவர் பெண்டாட்டி கைருன் பீவி அதை அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கரித்துணியாக்கியிருந்தாள். "இன்னாங்க, உங்க சிநேகிதருக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். கரி பிடித்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுகப் போய்ப் பாடினான். கம்பெனிக்காரர்களும் இந்தத் தரம் பிடில், தபலா, சேர்ந்து பாட ஐந்து பெண்கள் என்று தடபுடல் பண்ணியிருந்தார்கள். ஊசி நுழைய இடம் இல்லை. அப்பாடா, இதில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது என்று துளசிங்கத்துக்கு நிம்மதி.

அந்தத் தட்டு கிணற்றில் போட்ட கல்தான். விற்காமல் திரும்பி வந்ததில் நாலைந்தைக் கைருன் பீவி தண்ணீர்க் குடங்களுக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எந்த மேடையிலும் இதே கதை. புதுப்பாட்டை எடுத்தால் ஜனம் டீ குடிக்க எழுந்து போகும். மடவையை எடுத்தால் திரும்பி ஓடி வரும். "ஒரு பாட்டு" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கூப்பிடுகிறவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். குரல் கெட்டுவிடும் என்ற பயத்தில் அவன் கயிற்றுப் பக்கம் போவதையும் நிறுத்தியிருந்தான். தேவகியின் அண்ணன் லோகநாதன்தான் அவனுடைய வலைக்கூட்டுக்கு மூத்தவன். எட்டு ஆள் இழுக்கிற வலையை ஏழு ஆள் இழுத்தால் ஒரு பக்கம் தொய்ந்து மீன் வழிந்து போகும். இரண்டு வருஷமாக லோகநாதன் மச்சானோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் ஞாயிறு. துளசிங்கத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்குப் பொன்னேரிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை திறப்பு விழா. மைக் செட் கௌஸ் மைதீனுடையது.

"பாய், நானும் வரேன். ஆனா எம்பேர யாருக்கும் சொல்லக் கூடாது. பேர் தெரிஞ்சாத்தானே பழசக் கேக்குறாங்க? யாருன்னே தெரியாத எடத்துல புதுசப் பாடறேன். நின்னு கேட்டாங்கன்னா நான் பாடகன், நாளைக்குப் பட்டணம். கேக்கலன்னா ஓலை."

"நல்ல ரோசனதான்" என்றார் கௌஸ் மைதீன். அவருக்கும் அந்தக் கேசட்டு ஆசை இருந்தது. ஊர் ஊராகக் குழாய் கட்டிக் கட்டி அவருக்கும் சலித்துப்போயிருந்தது.

கடை வாசலில் வாழைமரம் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கலர் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். துளசிங்கம் ஒரு ஓரமாக மைக் முன்னால் நின்று புதுப்பாட்டை எடுத்தான். ஒரு மாதமாக உட்கார்ந்து செதுக்கிய பாட்டு. நிலவு இருந்தது, முத்து இருந்தது, பவளம் இருந்தது. பழவேற்காட்டில் இறாலும் நண்டும் இருக்க, முத்தும் பவளமும் எங்கிருந்து வந்தன என்று கேட்கக் கூடாது. கௌஸ் மைதீன் புல்புல்தாராவில் விரல் தேயத் தேய வாசித்தார். துளசிங்கம் கண்ணை முகம் முகமாக ஓட்டினான். ஒருவர் கலர் பாட்டிலுக்குள் குச்சியை விட்டுக் கோலி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் சேலை முந்தியை விரித்து வைத்துச் சாயம் போகுமா போகாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்.

"ஏம்பா, மைக் டெஸ்டிங் முடிஞ்சுதா? பாட்டப் போடுங்க."

சரி, முடிந்தது என்று துளசிங்கம் மைக்கை விட்டு நகரப் போனான். அப்போது மூட்டை தூக்குகிற ஒருவர் தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மைக் செட்டு, உனுக்கு அந்த மடவப் பாட்டு தெரியுமா? அத்தப் பாடேன்" என்றார்.

சரிதான் என்று பாடினான். வேறென்ன செய்வான்? முதல் அடி முடிந்ததும் வழக்கப்படி ஆஆஆவென்று இழுத்தான். அதே நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பி அவன் இழுப்பில் முட்டிக்கொண்டு அமுங்கியது. இரண்டாவது அடியிலும் அப்படியே. மூன்றாவது அடியில், எதிர்சாரியில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி எழுந்து நின்றாள்.

"யோவ்! நீ இன்னாய்யா அங்க பூந்து பூந்து இழுத்துகினே கீற? அது நம்ம எடம்யா. வாய மூடு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துளசிங்கம் அடுத்த அடியைப் பாடிவிட்டுப் பயத்தில் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டான்.

அவ்வளவுதான், கடைத்தெருவே கத்தியது. மூட்டைக்காரர் "தூக்கு!" என்றார். பூக்காரம்மாள் வீட்டுக்காரனைப் பெயர் சொல்லி ஒரு வசவு வைத்தாள். பஸ்சுக்கு நின்றிருந்த காலேஜ் பையன்கள் யாரோ வாத்தியார் பெயரைக் கூவினார்கள். நாற்று நடப் போகிற பெண்கள் நாலு பேர் கைகொட்டி "ஓய்!" என்றார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று. எல்லாம் சேர்ந்து வந்து துளசிங்கத்தின் நெஞ்சில் மோதியது. கடைசி அடிவரை பாடினான், ஒவ்வொரு அடிக்கும் வாயை மூடினான், ஒவ்வொரு தரமும் அந்தச் சத்தம் வந்தது. ஆறு வருஷமாக எந்த ஓட்டையை அடைக்கிறோம் என்று நினைத்தானோ அந்த ஓட்டைதான் பாட்டு. அதற்காகத்தான் இத்தனை ஊரும் அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறது. அங்கே அவனவன் தன் வாயைத் திறக்கலாம். காய்ச்சலுமில்லை, சட்டையுமில்லை, அவன் குரலும்கூட இல்லை. இது தெரியாமல் ஊர் ஊராகப் போய் அதை அடைத்துக்கொண்டிருந்த மடத்தனத்தை நினைத்தபோது அவனுக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பாட்டு முடிந்ததும் பூக்காரம்மாள் பெரிய மனசு பண்ணிச் சொன்னாள். "பரவால்ல, சுமாராத்தான் பாடற. ஆனா ரெக்காட்டுல பாடுறானே ஒருத்தன், அவன் மாதிரி வராது."

திரும்பும் பஸ்சில் கௌஸ் மைதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "துளசி, சூச்சுமம் கெடச்சிப்போச்சுப்பா! நாளைக்குப் புதுப்பாட்டுலயும் எடம் வுட்டுடு. ஒரு அடி, ஒரு எடம், ஒரு அடி, ஒரு எடம். எட்டுப் பாட்டுலயும் வுடு. இனிமே நம்மள யாரும் அசைக்க முடியாது. எங்க, ஒரு தபா பாடு பாக்கலாம்."

துளசிங்கத்துக்கும் சூடு ஏறியிருந்தது. பஸ் சத்தத்துக்கு மேல் நிலாப் பாட்டின் முதல் அடியைப் பாடினான். வாயை மூடினான். காத்திருந்தான். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு முன்சீட்டு, பின்சீட்டு எல்லாம் பார்த்தான். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "இன்னா, எறங்கணுமா?" என்று கேட்டார்.

இன்னும் இரண்டு அடி பாடினான். மூடினான். காத்திருந்தான். வெட்கக்கேடாக இருந்தது, கையேந்தி நிற்பது மாதிரி இருந்தது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பதை அவனே கண்டுபிடித்தான். வயல்கள் தாண்டித் திருப்பாலைவனத்தில் பஸ் நின்றது. துளசிங்கம் தன் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காய்ப்பெல்லாம் உதிர்ந்து, கணக்குப் பிள்ளை கை மாதிரி வழுவழுவென்று கிடந்தன.

"பாய், அன்னிக்கு நான் எடம் வுடல. கயிறு இழுத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"இல்ல பாய். அன்னிக்கு என் பக்கத்துல ஏழு பேரு கீறாங்கன்னே நெனச்சிகினு இருந்தேன். இப்ப யாருமில்லன்னு தெரிஞ்சி நிக்கறேன். நாளைக்குக் கண்ணாடி ரூம்புக்குள்ள போய் நின்னாலும் இதான் வரும். நான் வரல."

கௌஸ் மைதீன் புல்புல்தாராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழவேற்காடு வந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "சரி, அங்க உனக்குக் கை சொல்ல ஆள் கீதா?"

துளசிங்கத்துக்குத் திக்கென்றது. அந்த வழக்கத்தை அவன் மறந்தே போயிருந்தான். இரண்டு வருஷம் ஓலை போடாதவன் திரும்பி வந்தால் சும்மா வந்து போட்டுவிட முடியாது. குப்பத்துத் தலைவர், "இவனுக்கு யாரு கை?" என்று சபையில் மூன்று தரம் கேட்பார். அவனோடு கயிறு பிடிக்கிற கூட்டுக்காரன் ஒருத்தனாவது "எங்க கை" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தரமும் யாரும் சொல்லவில்லை என்றால் பானையை அடுத்தவனிடம் தள்ளிவிடுவார்கள். இத்தனை நாளும் ஏரி எங்கே ஓடிப் போகப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம் என்று அவன் அலட்சியமாக இருந்துவிட்டான். பட்டணத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொல்வார்களோ என்றுதான் பயந்தானே தவிர, குப்பத்துக்காரர்கள் சொல்வார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டில் தேவகியிடம் சொன்னான். அவள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நான் பேசிகினே கீறேன், அது பாட்டுக்கு வலையில பாசி உதறிகினே இருந்துது."

மறுநாள் வலை உலர்த்தும் திடலில் குப்பமே கூடியிருந்தது. நடுவில் மண்பானை. பக்கத்தில் பாயில் தலைவர் தருமலிங்கம். பெண்கள் தள்ளி நின்றார்கள். சீட்டில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. தேவகி இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். தன் குறி கீறிய ஓலையைக் கைக்குள் வைத்திருந்தான் துளசிங்கம். அது வேர்வையில் நனைந்து துவண்டிருந்தது. மணி பத்து அடித்தபோது அவனுக்கு மெட்ராஸ் ஞாபகம்கூட வரவில்லை. லோகநாதனும் கூட்டுக்காரர்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொருவராகப் போய் ஓலை போட்டார்கள். அவன் முறை வந்தது.

"வாப்பா, ஒரு பாட்டு" என்றார் தருமலிங்கம். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சபையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "துளசிங்கத்துக்கு யாரு கை?"

ஒரு சத்தமும் இல்லை. துளசிங்கம் எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் நின்றிருக்கிறான். அங்கெல்லாம் இவ்வளவு பயந்ததில்லை. ஏதாவது பேசிக் கெஞ்சிவிடலாமா என்று வாய் துடித்தது. பேசினால் வழக்கம் கெட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"துளசிங்கத்துக்கு யாரு கை?"

கூட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவன் பேசாமல் அவர்கள் பேச மாட்டார்கள். லோகநாதன் மணலில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான். தேவகியின் கை பிள்ளையின் தோளை இறுக்கியதில் பிள்ளை சிணுங்கியது.

தருமலிங்கம் கொஞ்சம் நேரம் விட்டார். பானையின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு மூன்றாவது தரம் கேட்டார்.

"துளசிங்கத்துக்கு யாரு கை?"

துளசிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லாமல் பண்ணிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"எங்க கை."

லோகநாதன் தலையைத் தூக்காமலே சொன்னான். பிறகு எழுந்து நின்று வேட்டியிலிருந்த மணலைத் தட்டினான். "ஆனா ஒண்ணு மாமா. அந்த மடவப் பாட்ட எங்க கயித்துல இவன் பாடக் கூடாது. ஊரு ஒலகத்துல போட்டுப் போட்டு எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளிச்சிப்போச்சி. வேற பாட்டு எதனா வச்சினுகீறானான்னு கேளு."

திடல் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. இந்தத் தரம் தருமலிங்கமும் சிரித்துவிட்டார். "கேக்குறான் பாரு, சொல்லுடா. வேற கீதா?"

கீது மாமா என்று சொல்லத்தான் துளசிங்கம் வாயைத் திறந்தான். அதே மாதிரி இன்னொன்று என்று கேட்காமல், அது வேண்டாம், வேறு பாடு என்று இந்த ஆறு வருஷத்தில் அவனைக் கேட்ட ஒரே ஆள் லோகநாதன்தான். துளசிங்கம் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். கண்ணிலிருந்து வழிந்ததை முழங்கையால் துடைத்துக்கொண்டு குனிந்து, ஓலையைப் பானைக்குள் போட்டான்.